அங்கே பதினெட்டு, இங்கே இருபத்தொன்று

ஜூலை 12, சனி

அம்மாவிடம் இன்று சொல்லாதது: பையன்கள் குடிப்பதை நிறுத்தவில்லை, குடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

சொல்வதற்கேற்ற நாளும் அல்ல இது. எங்கள் தெருவுக்கு அடுத்திருக்கும் மதுக்கடையில் போன வாரம் முதல் ஆதார் அட்டை கேட்கிறார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு விற்பனை இல்லை என்ற பலகை வெகுகாலமாக அங்கே தொங்குகிறது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அம்மாவும் அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைகளும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அந்தப் பலகைக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள். அம்மா கேசரி கிண்டினாள். தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

டெரன்ஸ் வந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அடுத்த தெருப் பையன், வயது பத்தொன்பது. நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். என் தம்பி நிலவன் அங்கே இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறான்.

"சாமி ரெடியா?" என்று டெரன்ஸ் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"யாருடா சாமி?" என்றாள் அம்மா.

"நிலவன்தான் ஆன்ட்டி. காலேஜ்ல பேரு வச்சிட்டோம்."

"மாலை போடற சீசன்கூட இல்லையே."

"இவன் வருஷம் முழுக்க மாலை போட்ட மாதிரிதான் ஆன்ட்டி. அவ்ளோ சுத்தம்."

அம்மா மகிழ்ந்துபோய் மூன்றாவது கிண்ணம் வைத்தாள்.

அந்தப் பெயரின் காரணம் எனக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. துருவப் பயணங்கள் பற்றிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த டெரன்ஸ், "அக்கா, உங்க ஸ்கூட்டர் பாலம் ஏறும்போது ஒரு சத்தம் வருது, பெல்ட்ட பாக்கச் சொல்லுங்க" என்றான். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியில் பாலமே கிடையாது.

"எந்தப் பாலம்?" என்றேன்.

"பெண்ணையாத்துப் பாலம்தான்க்கா."

அதன்பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கத் தெரியாத பையன். கடலூரில் இருபத்தொன்று கேட்கிறார்கள். ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே பதினெட்டு போதும். நிலவனுக்குப் பதினெட்டு ஆகச் செப்டம்பர் வரவேண்டும். அதனால் அங்கேயும் அவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். குடிக்காதவன்தானே வண்டி ஓட்ட வேண்டும்? மலைக்கு மாலை போட்டவன் பாட்டிலைத் தொடமாட்டான் என்பதால் அவனுக்குச் சாமி என்று பெயர்.

மாலையில் நிலவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனைவரை டெரன்ஸ் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்தான். அம்மா வாசலில் நின்று கையசைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

மாடியில் துணி காயப் போடும்போது நிலவனிடம் கேட்டேன்.

"ஒரு சொட்டு தொடல. சத்தியமா" என்றான்.

"லைசென்ஸ்?"

"அதுக்கும் பதினெட்டு ஆவணும். நான் இன்னா பண்றது?"

"ஓட்டாம இரு."

"நான் ஓட்டலன்னா டெரன்ஸ் ஓட்டுவான். மூணு பீர் அடிச்சிட்டு. அது உனக்கு ஓகேவா?"

ஒரு தலையணை உறையை இரண்டு முறை உதறினேன்.

"அம்மாகிட்ட சொல்லப்போறியா?"

"போய் அந்த வாளிய எடுத்துட்டு வா."

வண்டி என் பெயரில் இருக்கிறது. பதினெட்டு ஆகாதவன் ஓட்டினால் வண்டி வைத்திருப்பவருக்குத் தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். ஒருபக்கம் உரிமம் இல்லாத, நிதானத்தில் இருக்கும் பையன். மறுபக்கம் உரிமம் உள்ள, நிதானம் இல்லாத பையன். இருவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இதை முடிவு என்று சொல்லலாமா தெரியவில்லை.

ஜூலை 19, சனி

போனார்கள். வந்தார்கள். இட்லிக்கு அரைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்றும் வந்து சேர்ந்தான். கேட் சத்தம் கேட்கும்வரை ஒரு பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டில் ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம். ஆண் கல்யாணம் செய்துகொள்ள இருபத்தொன்று. குடிக்க இங்கே இருபத்தொன்று, அங்கே பதினெட்டு. நிலவன் இந்தத் தெருவில் ஒரு வயதும் பெண்ணையாற்றுக்கு அப்பால் வேறொரு வயதுமாக வளர்ந்துகொண்டிருக்கிறான்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இந்த வயது வேறுபட்டிருந்த காலத்தைப் பற்றி நூலகத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது. வயது குறைவான மாநிலத்துக்கு இளைஞர்கள் காரில் போய்க் குடித்துவிட்டுத் திரும்புவார்களாம். திரும்பும் வழியில் இறந்தவர்கள் அதிகமாக இருந்ததால் அந்த எல்லைகளுக்கு இரத்த எல்லை என்று பெயர் வந்ததாம். எல்லா மாநிலத்திலும் இருபத்தொன்று ஆனபிறகு இளம் வயதினரின் சாவு குறைந்ததாகவும் எழுதியிருக்கிறது. ஆக, அம்மா கேட்டது நியாயம். அவள் கேட்டது பெண்ணையாறுவரைதான் செல்லுபடியாகும் என்பது அவள் குற்றமில்லை.

இதை அம்மாவிடம் கட்டுரையாகச் சொல்லலாம். "இதெல்லாம் உனக்கு எதுக்குடி?" என்று கேட்டால் நிலவனைச் சொல்ல வேண்டிவரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடை கிடையாது. நிலவன் நாள் முழுக்க வீட்டில் இருந்தான். மின்விசிறியைக் கழற்றித் துடைத்தோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து அப்பா பேசினார். நிலவனுக்குப் பிறந்தநாள் வருகிறது, என்ன வேண்டும் என்று கேட்டார். ஹெட்போன் கேட்டான்.

பிறந்தநாளுக்கு வேறொரு ஏற்பாடும் இருக்கிறது. நேற்று மாலை கேட்டருகே டெரன்ஸ் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். செப்டம்பர் 13, சனிக்கிழமை, சாமிக்கு மாலை கழற்றுகிறார்கள். அதாவது நிலவன் எல்லையில் முதன்முதலாகக் குடிக்கப்போகிறான். நான் வந்ததைப் பார்த்தும் டெரன்ஸ் பேச்சை நிறுத்தவில்லை.

"நாங்க கிறிஸ்டியன்தான்க்கா. ஆனா இதுக்கு நான்தான் குருசாமி" என்றான்.

"அன்னைக்கு யாரு ஓட்டுவா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்கவில்லை போலும்.

"புது சாமி தேடறோம்க்கா. ஒருத்தனும் மாட்டல. எல்லாம் பதினெட்டு முடிச்சவனுங்க."

"பஸ்ல போங்க."

"பஸ்ஸா?" என்றான் நிலவன். "சாயங்காலம் அந்த பஸ்ல யாரு வர்றாங்க தெரியுமா? அம்மா ஸ்கூல் டீச்சருங்க பாதிப் பேரு. பக்கத்துல உக்காந்து, படிப்பெல்லாம் எப்படிப் போவுதுன்னு கேப்பாங்க. நான் வாயத் தொறந்து பதில் சொல்லணும்."

டெரன்ஸ் சிரித்துச் சிரித்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

வண்டி ஓட்டவும் குடிக்கவும் அவனுக்கு ஒரே நாளில் வயது வருகிறது.

செப்டம்பர் 6, சனி

அம்மா பிறந்தநாளுக்குச் சேமியாப் பாயசமா, பால் பாயசமா என்று கேட்டாள். சேமியா என்றேன். அந்த வாரமே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்றாள். நிலவன் இதுவரை தெருவைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை என்று நம்புகிறாள். டெரன்ஸ் ஓட்ட, இவன் பின்னால் உட்காருவதாக அவள் நினைப்பு. முனை திரும்பியதும் இடம் மாறிக்கொள்வார்களாம்.

சொல்லிவிடலாம் என்று வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் கடை விவகாரம் முடிஞ்சதுலேந்துதான்டி நான் நல்லாத் தூங்கறேன்" என்றாள் அம்மா. "பையன் காலேஜ் சேர்ற நேரத்துல பக்கத்துலயே வச்சிருந்தான் பாரு."

கடுகு தாளித்தேன்.

செப்டம்பர் 10, புதன்

நிலவனிடம் பேசி முடித்துவிட்டேன். சனிக்கிழமை நானும் வருகிறேன். போகும்போதும் வரும்போதும் நான் ஓட்டுவேன்.

"அக்காவக் கூட்டிக்கிட்டு பாருக்கு வந்தவன்னு சாவறவரைக்கும் சொல்லுவானுங்க."

"நான் உள்ள வரல. எதிர்ல எங்கயாவது உக்காந்து படிக்கறேன்."

"அங்க பொம்பளைங்கல்லாம் உக்கார மாட்டாங்க."

"நான் உக்காருவேன்."

"அப்ப டெரன்ஸ்?"

ஸ்கூட்டரில் இருவருக்குத்தான் இடம். அவன் வேண்டுமானால் அவன் அப்பாவின் பைக்கில் வரட்டும் என்றேன்.

அம்மாவிடம், நிலவனை ஓட்டலுக்கு அழைத்துப்போய் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

காலையில் பாயசம். நிலவன் புதுச்சட்டையோடு அம்மா காலில் விழுந்தான்.

நான்கு மணிவாக்கில் கிளம்பினோம். எல்லை தாண்டியதும் வரிசையாகக் கடைகள், அவற்றுக்குப் பின்னால் பார்கள். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. பெண்கள் உட்காரமாட்டார்கள் என்று நிலவன் சொன்னது தவறு. கூடையோடு ஒரு அம்மாள் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார்.

"உனக்கு யாரு உள்ள?" என்று கேட்டார்.

"தம்பி."

"எனக்கு வூட்டுக்காரு. நீ சின்ன வயசுலயே ஆரம்பிச்சிட்ட." நகர்ந்து இடம் கொடுத்தார்.

புத்தகம் கொண்டுபோயிருந்தேன். படித்ததாக நினைவில்லை. டீ குடித்தேன், பிறகு இன்னொன்று. பாரின் வாசலில் வயது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிலவன் ஆதாரைத் தயாராகக் கையில் வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. ஏமாற்றத்தோடு பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

இருட்டத் தொடங்கும்போது வெளியே வந்தார்கள். நிலவனின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதான். "நீ நல்ல அக்கா, நீ நல்ல அக்கா" என்று அந்த அம்மாளிடம் என்னைக் காட்டிச் சொன்னான். டெரன்ஸ் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தான். பரோட்டா பொட்டலம் ஒன்றை அவனுடைய அம்மாவுக்கென்று வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினான்.

"டெரன்ஸ், பைக்க இங்கயே விட்டுட்டு பஸ்ல வந்துடு" என்றேன்.

"அப்பா வண்டிக்கா. காலைல ஷிப்ட்டுக்கு வேணும். நான் ஸ்டெடியாதான் இருக்கேன். பாருங்க."

ஒற்றைக் காலில் நின்று காட்டினான். நன்றாகவே நின்றான். டீக்கடைக்காரர் கை தட்டினார்.

ஜூலையிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் ஸ்கூட்டரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் டெரன்ஸ். இன்று அதில் நிலவன். மூன்று பேராக வரலாமா என்று டெரன்ஸ் கேட்கவில்லை. எல்லையில் போலீஸ் நிற்கும். நானும் அதைச் சொல்லவில்லை.

"நீ முன்னால போ. மெதுவா. நான் பின்னாலயே வர்றேன்" என்றேன்.

"சரிக்கா. சாமிய பத்திரமாப் பாத்துக்கோங்க."

அவனுடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினேன். மெதுவாகத்தான் போனான். பிறகு நிலவன் என் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னான். ஓரமாக நிறுத்தி அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் வாந்தி எடுத்தான். வாய் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சாலையில் டெரன்ஸ் இல்லை. வழியில் ஓரிடத்தில் கூட்டம் நின்றது. நிலவன் என் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். விழுந்துவிடுவான் என்று நிறுத்தவில்லை.

பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தாள்.

டெரன்ஸுக்கு ஒருமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டெரன்ஸ் நேற்று வீட்டுக்குப் போகவில்லை. செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நின்றிருக்கிறது. அதில் மோதிவிட்டான். கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் எல்லை தாண்டி.

அம்மா நிலவனைப் பார்த்து, "நீயும் அவன்கூடத்தான் போனியாடா?" என்று கேட்டாள்.

"என்கூட இருந்தான்" என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெரன்ஸின் அம்மா ஃபிலோமினா ஆன்ட்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். தலையில்தான் அடி. இன்னும் கண் திறக்கவில்லை.

"எவன் எவன்கூடப் போனானோ. ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல பாரும்மா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் கூட இருந்தேன் ஆன்ட்டி."

திரும்பிப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஜூலை மாதம், சாமி என்ற பெயர், பிறந்தநாள், டீக்கடை. முடித்தபிறகு கேட்டார்:

"உன் வண்டில இடம் இல்லியா?"

"ஒரு இடம் இருந்துச்சு."

"உன் தம்பிய ஏத்திக்கிட்ட."

"ஆமா."

ஒரு நர்ஸ் வெளியே வந்து யாரையோ கூப்பிட்டார். எங்களை இல்லை.

"மூணு பேரும் பஸ்ல வந்திருக்கலாமேம்மா."

"வந்திருக்கலாம் ஆன்ட்டி."

"ஏன் வரல?"

"பஸ்ல அம்மா ஸ்கூல் டீச்சருங்க வருவாங்க. நிலவனப் பாத்துடுவாங்கன்னு."

அவர் தலையை மட்டும் அசைத்தார். காரணம் புரிந்ததுபோல இருந்தது அது. பிறகு, "கடைசியா என்ன சாப்பிட்டான்?" என்றார்.

"தெரியல. உங்களுக்குப் பரோட்டா வாங்கினான்."

மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிலவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"நாங்க போய் அந்தக் கடைல கேக்காம இருந்திருந்தா, இங்கயே குடிச்சிட்டு நடந்து வூட்டுக்குப் போயிருப்பான். இல்லடி?"

"இருக்கலாம்மா."

"அப்ப நாங்க செஞ்சது தப்பா?"

"தப்பு இல்லம்மா."

"பின்ன எதுடி தப்பு?"

கட்டுரையில் படித்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

"நீ ஜூலைலயே சொல்லியிருக்கலாம்" என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் அணைக்கவில்லை. நிலவன் போய் அணைத்தான்.

நவம்பர் 1, சனி

டெரன்ஸ் செப்டம்பர் 18 காலை இறந்தான். இடையில் எழுதவில்லை.

மோதியது தமிழ்நாட்டுப் பக்கம் என்பதால் வழக்கு இங்கேதான் பதிவானது. அவன் குடித்திருந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே குடித்தான் என்று எழுதவில்லையாம். டிராக்டர்காரருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. நம் தெருக் கடையில் இப்போதும் ஆதார் கேட்கிறார்கள். எல்லையில் இப்போதும் பதினெட்டுதான்.

அம்மா பழையபடி என்னிடம் பேசுகிறாள். சனிக்கிழமை மாலை மட்டும் பேசுவதில்லை.

நிலவன் எல்.எல்.ஆர். எடுத்திருந்தான். நேற்று ஓட்டுநர் தேர்வு. கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுத் தேறிவிட்டான். ஆய்வாளர், "நல்லாப் பழகியிருக்கியே" என்றாராம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தான். சாயங்காலம் நான் போய் எடுத்துவந்தேன்.

இன்று காலை நிலவன் டெரன்ஸ் வீட்டுக்குப் போனான். இதுவரை போயிருக்கவில்லை. ஃபிலோமினா ஆன்ட்டி கதவைத் திறந்து, அவனைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. அவன் மதியம்வரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினான்.